ஒரு மண்டலத்துப் பேச்சு

உக்காருங்க தம்பி, எடம் இருக்கு. பையை மேல வைக்காதீங்க, மடியில வச்சுக்கங்க. திருமங்கலம் தாண்டினா இந்த வண்டி ஆடுற ஆட்டத்துக்கு ஆளே கீழ வந்துருவான், பை எம்மாத்திரம். எங்க போறீங்க, ராஜபாளையமா? நானும் அங்கதான்.

என்ன, வேட்டியைப் பாக்குறீங்களா? பாருங்க, பாருங்க. எல்லாரும்தான் பாக்குறாங்க. முன்னாடி சீட்டு சாமிங்க எல்லாம் புது வேட்டி. கறுப்புன்னா அப்படி ஒரு கறுப்பு. கார்த்திகை பிறந்து ரெண்டு வாரம்தான ஆச்சு, சாயம் போகலை. என்னோடது மட்டும் சாம்பல் கணக்கா இருக்கு. இது போன வருஷத்து வேட்டி தம்பி. மாலையும் போன வருஷத்து மாலைதான். கழட்டலை. கண்டக்டர் கேட்டாரு, "சாமிக்கு இது எத்தனையாவது மலை?"ன்னு. "மொத மலைதான், இன்னும் இறங்கலை"ன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு. நான் ஒண்ணும் சிரிக்கிறதுக்காகச் சொல்லலை.

வேண்டுதலான்னா கேக்குறீங்க? வேண்டுதல்னே வச்சுக்கங்களேன். எம்மவன் என்கூடப் பேசணும். என்னை அப்பான்னு கூப்பிடணும். வேற ஒண்ணும் வேண்டாம்.

பேரு மாரீஸ்வரன். நாங்க மாரீசுன்னு கூப்பிடுவோம். மதுரையில ஏ.சி. மெஷின் ரிப்பேர் பாக்குறான். அவனைப் பாத்துட்டுத்தான் இப்ப வர்றேன். இருங்க, அதைப் பின்னாடி சொல்றேன். மொதல்லருந்து சொன்னாத்தான் அவன் பண்ற அநியாயம் உங்களுக்கு விளங்கும்.

எங்க வீட்டுக்கு ஒட்டினாப்ல தர்மர்னு ஒருத்தன் வீடு. ஆட்டோ ஓட்டுறான். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு ஆள் நுழையுற சந்து. அவன் மாடியில தகரம் போட்டான் பாருங்க, அந்தத் தகரத்தை என் பக்கமாச் சரிச்சுட்டான். மழை பெஞ்சா மொத்தத் தண்ணியும் என் சுவத்துல. "தர்மரே, தகரத்தைத் திருப்புய்யா"ன்னேன். "ஒரு குழாய் வச்சு விட்டுர்றேன்ணே"ன்னான். வச்சானா? வச்சான். அது ஒரு மழைக்குக் கழண்டு விழுந்துருச்சு. அத்தோட அவன்கூடப் பேச்சை நிப்பாட்டினேன். போலீஸ்லயும் எழுதிக் குடுத்தேன். நானேதான் எழுதினேன். மில்லுல வேலை பாத்துக்கிட்டே நைட் ஸ்கூல்ல பத்தாவது பாஸ் பண்ணவன் தம்பி நான். மனுவைப் படிச்சுட்டு எஸ்.ஐ. சொன்னாரு, "தமிழ் நல்லா இருக்கு பெரியவரே, வீட்டுக்குப் போங்க"ன்னு.

என் வீட்டுக்காரி வேலுத்தாய்க்கு இதெல்லாம் பிடிக்காது. எனக்குத் தெரியாம தர்மர் பொண்டாட்டிகிட்டப் பேசுவா. சந்து வழியா கொழம்பு போகும், வரும். நாக்குல வச்சாலே தெரிஞ்சிரும் எனக்கு, இது நம்ம வீட்டுப் புளி இல்லைன்னு. சாப்பிட்டுட்டுக் கேக்கமாட்டேன். எதுக்கு கேட்டுக்கிட்டு.

ஆவணி மாசம் அது. விளக்கு வைக்கிற நேரம். வேலுத்தாய் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. வாயுதான்னு நினைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான நினைப்பாங்க? காலையில மொச்சைப்பயறு வேற தின்னுருந்தா. கடையில சோடா வாங்கிட்டு வந்து குடுத்தேன். அந்நேரம் பாத்து மாரீசு காலேஜ் ஹாஸ்டல்ல இருந்து போன் பண்றான். அவன்ட்ட ரெண்டு வார்த்தை பேசுனா. பேச்சு இழுத்துச்சு. பய பயந்துட்டான். "அப்பா, அம்மா குரலே சரியில்ல. தர்மர் மாமா வண்டி வாசல்லதான நிக்கும், உடனே ஏத்திட்டுப் போங்க"ன்னான். "எனக்குத் தெரியும், நீ போனை வை"ன்னேன். மறுபடி அடிச்சான். "மாமாவைக் கூப்பிட்டீங்களா?"ன்னான். "நான் பாத்துக்கிறேன்டா"ன்னேன்.

பாத்துக்கத்தான் செஞ்சேன். சும்மாவா இருந்தேன்? வேகமா நடந்து பஞ்சு மார்க்கெட் ஸ்டாண்டுக்குப் போனேன். வாசல்ல தர்மர் வண்டியைக் கழுவிக்கிட்டு இருந்தான். நான் ஓட்டமும் நடையுமாப் போறதைப் பாத்துட்டு துணியைப் பிடிச்சபடியே நிக்கிறான். நான் அந்தப் பக்கமே திரும்பலை. அன்னைக்குன்னு பாத்து நல்ல முகூர்த்தம். ஸ்டாண்டுல ஒரு ஆட்டோ இல்ல, எல்லாம் கல்யாண வீட்டுக்குப் போயிருச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயித்தான் ஒருத்தனைப் பிடிச்சேன். திரும்பி வர்றதுக்குள்ள என்ன பண்ணியிருக்கான்னு நினைக்கிறீங்க? என்னைக் கேக்காம, என் பொண்டாட்டியை அவன் ஆட்டோவுல ஏத்திட்டுப் போயிட்டான் தம்பி!

அவ எந்திரிச்சு வாசப்படி வரைக்கும் வந்துட்டாளாம். படியில சாஞ்சு உக்காந்திருந்தாளாம். அவன் பாத்துட்டு, அவனும் அவன் பொண்டாட்டியுமாத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்காங்க. நான் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது முடிஞ்சு போச்சு. டாக்டர் சின்னப் பையன். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்"ன்னான். அந்த வார்த்தையை அவன் என்கிட்டயா சொன்னான்? தர்மர்ட்டச் சொன்னான். அவன்தான் புருஷன்னு நினைச்சுட்டான். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க.

இதுல எம்மேல என்ன தப்பு இருக்கு? ஆட்டோ கூப்பிடப் போனேன். ஆட்டோவோட வந்தேன்.

மாரீசு வந்தான். கொள்ளி வச்சான். காரியம் முடியுற வரைக்கும் ஒண்ணும் சொல்லலை. காரியம் முடிஞ்சதும் பேச்சை நிப்பாட்டிட்டான். திட்டியிருந்தா பரவால்ல. "ஏன்யா கொன்னே?"ன்னு சட்டையைப் பிடிச்சிருந்தாக்கூட, "போடா, ஒனக்கு என்ன தெரியும்?"னு நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அது ஒண்ணுமே இல்ல. படிப்பு முடிஞ்சு ஊருக்கே வேலைக்கு வந்தான், ஒரே வீட்டுல இருந்தான், கரண்டு பில்லு கட்டுனான், கேஸ் வாங்கிப் போட்டான், எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை வாங்கித் தலைமாட்டுல வச்சான். ஒரு வார்த்தை இல்ல. நான் ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்குக் கேக்குற மாதிரி சத்தமா, "இன்னைக்குச் சோத்துக்கு என்ன வெஞ்சனம்?"னு சுவத்தைப் பாத்துக் கேப்பேன். சுவரு பதில் சொன்னாலும் சொல்லும்.

வருஷம் திரும்புச்சு. கார்த்திகை ஒண்ணாம் தேதி, பச்சைத் தண்ணியில குளிச்சுட்டு எங்கயோ போனான். வரும்போது கழுத்துல மாலை. கறுப்பு வேட்டி. யாரு போட்டு விட்டதுங்கிறீங்க? தர்மர். அவன் குருசாமி தம்பி! பதினெட்டு வருஷம் மலைக்குப் போயி, மலையில தென்னங்கன்னு வச்சவன். ஊர்ப் பயலுகளை எல்லாம் வேன் வச்சுக் கூட்டிட்டுப் போறவன். இவன் போயி அவன் கையாலயா போட்டுக்கணும்?

ஆனா மாரீசு உள்ள வந்தான், என்னைப் பாத்தான், கையெடுத்துக் கும்பிட்டான். "சாமி சரணம். சாப்ட்டீங்களா சாமி?"ன்னான்.

பின்னாடி யாரும் நிக்கிறாங்களான்னு திரும்பிப் பாத்தேன். யாருமில்ல. என்னைத்தான்.

மாலை போட்டவங்களுக்கு எல்லாருமே சாமிதான, உங்களுக்குத் தெரியாததா. சண்டை போடக்கூடாது, மூஞ்சியைத் திருப்பக்கூடாது, யாரைப் பாத்தாலும் ஐயப்பனாப் பாக்கணும். எம்மவன் எதையும் அரைகுறையாச் செய்ய மாட்டான். தரையில படுத்தான். செருப்பில்லாம வேலைக்குப் போனான். அவனே பொங்கி, ஐயப்பனுக்குப் படைச்சு, எனக்கும் இலை போட்டான். "இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா சாமி? சாமிக்கு மோர் வேணுமா?" நான் பசிக்காமலேயே ரெண்டாந்தடவை வாங்குவேன், அந்தக் கேள்விக்காக. வயித்துக்கு ஆகாம ராத்திரி பூரா பொரளுவேன்.

மலைக்குப் போயிட்டு வந்தான். மாலையைக் கழட்டினான். அம்மா கையால கழட்டுறது எங்க பக்க வழக்கம். அம்மா இல்லாதவனுக்கு தர்மர் பொண்டாட்டி கழட்டி விட்டுச்சு. மறுநாள் காலையில, "என்ன மாரீசு, டீ போடவா?"ன்னேன். சட்டையை மாட்டிக்கிட்டு என்னைத் தாண்டிப் போனான். சுவத்தைத் தாண்டிப் போற மாதிரி.

அடுத்த வருஷமும் இதே கதை. ஊர்ல எல்லாரும் தீபாவளிக்குக் காத்திருப்பாங்க. நான் கார்த்திகைக்குக் காத்திருப்பேன். ஐப்பசி கடைசியில எனக்கு உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு வந்துரும். வீட்டைக் கழுவி விடுவேன். அவனுக்குப் புது வேட்டி எடுத்துக் கொடியில போட்டு வைப்பேன். ஒரு மண்டலம் பேச்சு. பெறகு பத்து மாசத்துக்கும் மேல மூச்சு விடாம இருக்கணும்.

போன வருஷம்தான் எனக்கு மூளை வேலை செஞ்சுச்சு. நானும் மாலை போட்டா? ஒரே வேன்ல போகலாம், கூடவே மலை ஏறலாம். மலையில வச்சு ஒரு வார்த்தை கேட்டுருவோம்னு. ஆனா தர்மர் கையால போட முடியுமா? ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க சித்தப்பா மகன் ஒருத்தன் குருசாமி, அவன்ட்டப் போயி போட்டுக்கிட்டேன். "அறுபத்தோரு வயசுல கன்னிசாமியா மச்சான்?"னு அவன் பொண்டாட்டி கேலி பண்ணுச்சு. மொத தடவை போறவனைக் கன்னிசாமின்னுதான சொல்லணும், தாடி நரைச்சிருந்தா அவன் என்ன செய்வான்.

வீட்டுக்கு வந்தேன். மாரீசு என் கழுத்தைப் பாத்தான். ஒரு நிமிஷம் மூஞ்சி என்னமோ மாதிரி போச்சு. பெறகு, "சாமி சரணம்"ன்னு கால்ல விழுந்தான். மாலை போட்டவன் மாலை போட்டவன் கால்ல விழணும்ல. அவன் எனக்குச் சீனியர், மூணாவது மலை. நானும் விழுந்தேன். பெத்த மகன் கால்ல அப்பன் விழுறதான்னு நினைக்காதீங்க. அவன் கையைப் பிடிச்சு என்னைத் தூக்கினான். அவன் அம்மா போனதுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் அவன் கை எம்மேல பட்டுச்சு.

வேன்ல தர்மரும் இருந்தான். அவன் வேன்தான, இல்லாம? டீக்கடைக்குக் கடை, "சாமி, டீ குடிக்கிறீங்களா சாமி?"ன்னு வருவான். நான் கண்ணை மூடிக்கிட்டு, "சாமியே சரணம் ஐயப்பா!"ன்னு சத்தமாச் சொல்லிருவேன். வேன் முழுக்கத் திருப்பிச் சரணம் சொல்லும். அவன் டீயைக் கையில வச்சுக்கிட்டு நிப்பான். மத்த சாமிங்க எல்லாம், கன்னிசாமிக்கு எம்புட்டு பக்தி பாருன்னு பேசிக்கிட்டாங்க. எம்மவன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான்.

நீலிமலை ஏத்தம் இருக்கே, அப்பாடி. எனக்கு முட்டி கழண்டு போச்சு. மாரீசு என் இருமுடியோட சேத்து என்னையும் தாங்கிக்கிட்டு ஏறினான். ஒரு எடத்துல உக்கார வச்சு காலைப் பிடிச்சு விட்டான். "வலிக்குதா சாமி? மெதுவாப் போவோம் சாமி. ஐயப்பன் எங்க போயிறப் போறாரு." இதுதான் நேரம்னு, "மாரீசு, எம்மேல கோவம் இல்லையேப்பா?"ன்னு கேட்டேன். காலைப் பிடிச்ச கை நின்னுச்சு. பெறகு மறுபடி பிடிச்சு விட்டான். "மாலையோட இருக்கும்போது கோவம் கூடாது சாமி"ன்னான்.

கேட்டீங்களா? கோவம் இல்லைன்னுட்டான். பதினெட்டாம் படி ஏறும்போது எனக்கு அழுகைன்னா அழுகை. பக்கத்துல இருந்த போலீஸ்காரர் முதுகுல கையை வச்சுத் தள்ளி விட்டாரு, வேகமாப் போங்கன்னு. அவருக்கு என்ன தெரியும்.

ஊருக்கு வந்தோம். மாரீசு வழக்கம்போல சந்து தாண்டிப் போயி மாலையைக் கழட்டிட்டு வந்தான். நான் கழட்டலை. எப்படித் தம்பி கழட்டுவேன்? கழட்டினா நான் சாமி இல்லையே. மாலையோட இருக்கிற ஆளுக்கு யாருமே மூஞ்சி குடுக்காம இருக்க முடியாதுல்ல, அவன் மாலை கழட்டியிருந்தாலும் நான் போட்டிருக்கேன்ல. அப்படி ஒரு கணக்கு.

நாலு நாள் பாத்தான். அஞ்சாம் நாள் காலையில என் முன்னாடி வந்து உக்காந்தான். "ஏன் கழட்டலை?"ன்னான். சாமின்னு சொல்லலை. அப்புறம் பேசுனான் பாருங்க. மாலை இல்லாம, அவனா, என் மூஞ்சியைப் பாத்து.

"வருஷத்துல அந்த ஒரு மண்டலம்தான் எனக்கு நிம்மதி. மத்த நாள்ல கண்ணு முழிச்சதும் அம்மா படியில உக்காந்திருக்கு. மாலை போட்டா வராது. உங்களைப் பாத்தாலும் யாரோ ஒரு சாமியப் பாக்குற மாதிரி இருக்கும். அதனால சோறு போட முடிஞ்சுச்சு. உங்களை மன்னிக்கணும்னுதான் மொத வருஷம் போட்டேன். அது மாலைக்குள்ளதான் வருது, வெளிய வரமாட்டேங்குது. வரும் வரும்னு ஒவ்வொரு வருஷமும் பாத்தேன். இப்ப அதுக்குள்ளயும் நீங்க வந்து உக்காந்துட்டீங்க."

என்ன சொல்ல வர்றான்னு உங்களுக்கு ஏதாவது விளங்குதா? எனக்கு விளங்கலை. கூட வந்தது குத்தமா? காசு செலவு பண்ணி, முட்டி வலியோட. ஆனா பேசுனான் தம்பி. அவ்வளவு நேரம் பேசுனான். நான் அந்த வாயவே பாத்துக்கிட்டு இருந்தேன். அவங்க அம்மா மாதிரியே மேல் உதடு லேசா நடுங்குது.

கடைசியில ஒண்ணு சொன்னான். "தர்மர் மாமாட்டப் போயி மாலையைக் கழட்டிக்கங்க. அவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசுங்க. அம்மாவைத் தூக்கிட்டுப் போனவரு அவரு. நீங்க அவர்ட்டப் பேசிட்டீங்கன்னா, நானும் பாக்குறேன். என்னால முடியுமான்னு பாக்குறேன்."

அங்கதான் வந்து முட்டுது. நான் ஏன் பேசணும்? சுவரு இன்னும் நனையுதே! ஐப்பசி மழைக்கு வந்து பாருங்க, பாசி பிடிச்சுக் கெடக்கு. "அது வேற, இது வேற மாரீசு"ன்னேன். எந்திரிச்சுப் போயிட்டான். அந்த மாசமே மதுரைக்கு வேலையை மாத்திக்கிட்டான்.

நான் விடலை. மாலையோடயே இருந்தேன். சித்திரை வெயில்லயும் செருப்பு போடலை, காலைப் பாருங்க. தரையிலதான் படுக்கை. கறி மீனு தொட்டு வருஷமாச்சு. இந்தக் கார்த்திகை வரட்டும்னு இருந்தேன். அவன் எப்படியும் மாலை போடுவான், நேரா போயி வாசல்ல நின்னா "சாமி வாங்க"ன்னுதான சொல்லியாகணும்?

இன்னைக்குக் காலையில போனேன். ஆரப்பாளையத்துல மாடி ரூம். கதவைத் தட்டினேன். திறந்தான். மொழுமொழுன்னு ஷேவ் பண்ணியிருக்கான். ரோஸ் கலர்ல சட்டை. கால்ல செருப்பு. கழுத்துல ஒண்ணுமில்ல.

"சாமி சரணம்"ன்னேன். என் மாலையைப் பாத்தான்.

"என்னப்பா, இந்த வருஷம் மாலை போடலையா?"ன்னேன்.

"போடலை."

"ஏன்? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"போட்டா உங்ககூடப் பேசணும்"ன்னான்.

அதுக்காக ஐயப்பனை விடலாமா தம்பி? அது தப்பில்லையா? எம்மேல இருக்கிறதை அவர்மேல காட்டலாமா? சின்னப் பய. உள்ள போயி பாட்டில்ல தண்ணி கொண்டு வந்து குடுத்தான். நின்னமேனிக்கே குடிச்சேன். இன்னும் மெலிஞ்சிருக்கான். கழுத்தெலும்பு தெரியுது. பாட்டிலை வாங்கிக்கிட்டு, கதவுல கையை வச்சுக்கிட்டு, தரையைப் பாத்துச் சொன்னான்:

"இனிமே இங்க வராதீங்கப்பா."

கதவைச் சாத்திட்டான். படார்னு இல்ல. மெதுவா, சத்தம் வராம. அவங்க அம்மாவும் அப்படித்தான் சாத்துவா.

மாடிப்படி இறங்கி ரோட்டுக்கு வந்து நின்னப்புறம்தான் எனக்கு உறைச்சுச்சு. அப்பான்னுட்டான்! நாலு வருஷமாச்சு தம்பி அந்த வார்த்தையைக் கேட்டு. மாலை இல்ல, ஒண்ணுமில்ல, சும்மா நிக்கும்போது வாயில இருந்து வந்திருக்கு. கோவம் முழுசா இருந்தா வருமா? வராதீங்க, போங்கன்னு சொல்லலாம்ல, எதுக்கு அப்பா? நீங்க படிச்சவரு, சொல்லுங்க.

சொல்ல வேண்டாம், விடுங்க. கிருஷ்ணன்கோவில் தாண்டியாச்சு, இன்னும் கொஞ்ச நேரம்தான்.

பஸ் ஏறினதுல இருந்து யார்ட்டயாவது இதைச் சொல்லணும்னு இருக்கு. வேலுத்தாய் இருந்தா அவகிட்டச் சொல்லலாம். இல்ல. சொன்னா இதோட அருமை தெரியுற ஆளு ஊருல ஒருத்தன்தான் இருக்கான். மாரீசைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவன். சொன்னா அழுதுருவான். ஆனா தர்மர்ட்ட நான் பேசுறதில்லையே தம்பி. அதான் உங்கள்ட்டச் சொல்றேன்.